காரீயப் பாலமும் விட்டுப்போன சொல்லும்: கோயெட்சுவின் படகுப்பாலப் பெட்டி

கூடல்நகர்_வாசகி | ஞாயிறு, காலை 9.12

வணக்கம். டோக்கியோ பக்கம் குடிவந்து நான்கு வருடம் ஆகிறது. நேற்று நல்ல மழை. உவேனோ பூங்காவில் ஒதுங்க இடம் தேடி தேசிய அருங்காட்சியகத்துக்குள் போய்விட்டேன். ஒரு மணி நேரத்தில் வருவதாக வீட்டில் சொன்னவள், ஒரே ஒரு பெட்டி முன்னால் முக்கால் மணி நேரம் நின்றேன்.

எழுதுகருவிகள் வைக்கும் பெட்டி அது. உள்ளே மைக்கல், நீர்ச்செப்பு, தூரிகை எல்லாம் வைப்பார்கள். ஜப்பானியத்தில் சுசுரிபாகோ. 24.2 சென்டிமீட்டருக்கு 22.9, உயரம் 11.8. மூடி தட்டையாக இல்லை, எண்ணெயில் போட்ட பூரி மாதிரி உப்பி நிற்கிறது. உடம்பு முழுக்கப் பொன்னிறம். உற்றுப் பார்த்தால் அந்தப் பொன்னுக்குள் அலைகள், அலைமேல் வரிசையாகப் படகுகள். இதற்கெல்லாம் குறுக்கே, ஏதோ தவறி விழுந்ததைப் போல, அகலமான ஒரு கறுத்த பட்டை. காரீயத் தகடாம். மூடி மேல் வெள்ளி எழுத்துகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கின்றன.

செய்தவர் ஹோன்அமி கோயெட்சு (1558–1637). பதினேழாம் நூற்றாண்டு, தேசியப் பொக்கிஷம். சிதறிக் கிடக்கும் எழுத்துகளைக் கோத்தால் ஒரு பழைய பாட்டு வருமாம்:

அசுமாஜி நோ
சானோ நோ ஃபுனாஹாஷி
ககேதே நோமி
ஒமோய்வதாரு ஓ
ஷிரு ஹிதோ சோ நாகி

நான் புரிந்துகொண்டது: "கிழக்கே போகும் சாலையில் சானோ என்ற ஊரின் படகுப்பாலம்போல, உன்னையே தொடர்ந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன், இது யாருக்கும் தெரியாது."

பெட்டியில் இந்தப் பாட்டின் எல்லாச் சொல்லும் இருக்கிறது, 'ஃபுனாஹாஷி' மட்டும் இல்லை. படகுப்பாலம் என்ற சொல் வரவேண்டிய இடத்தில் எழுத்தே கிடையாது, ஏனென்றால் அந்தக் காரீயப் பட்டைதான் பாலமாக அங்கே இருக்கிறதே! இது விளங்கிய நொடியில் பக்கத்தில் நின்ற பாட்டியம்மா திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்துவிட்டேன்.

இரண்டு கேள்விகள். இதை 'அரக்குப் பெட்டி' என்று எழுதலாமா? அப்புறம், அந்தப் பாட்டைத் தமிழில் கொண்டுவர முடியுமா?

மரத்தூள் | ஞாயிறு, காலை 10.05

முதல் கேள்விக்கு மட்டும் வருகிறேன், பாட்டு என் வேலை இல்லை.

அரக்கு என்று எழுதாதீர்கள் அக்கா. முப்பது வருடமாக மரச்சாமான் பாலிஷ் போடுகிறவன் சொல்கிறேன். நம் அரக்கு பூச்சியிலிருந்து வருவது. கொம்பில் ஒட்டிக்கிடக்கும் பூச்சி சுரக்கிற பிசின். செதில் செதிலாக வாங்கி, ராத்திரி ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு, காலையில் துணிப் பந்தில் தொட்டு இழுப்போம். தபாலாபீசில் மூட்டைக்கு முத்திரை வைத்ததும் அதே சாதிதான். தீக்குச்சி காட்டினால் உருகும், ஸ்பிரிட் ஊற்றினால் கரையும். சூடான டம்ளரை வைத்தால் வெள்ளையாக வட்டம் விழும், அதற்குத்தான் வாடிக்கையாளர் என்னைத் திட்டுவார்.

ஜப்பான்காரர்கள் பூசுவது உருஷி, ஒரு மரத்தின் பால். ஒருமுறை இறுகிவிட்டால் உருகாது, ஸ்பிரிட்டிலும் கரையாது. கொதிக்கிற சூப்பை அந்தக் கிண்ணத்தில்தான் குடிக்கிறார்கள். பாண்டவர்களுக்கு உருஷி மாளிகை கட்டியிருந்தால் கதையே வேறு.

ஏட்டுச்சுவடி | ஞாயிறு, காலை 11.30

மரத்தூள் தம்பி சொல்வது சரி. ஆனாலும் சொல்லின் வரலாற்றைப் பார்த்தால் அரக்கை விரட்ட முடியாது. ஐரோப்பியர் உருஷிக்கு வைத்த 'லாக்கர்' என்ற பெயரே நம் பக்கத்துச் சொல்தான். லாக்ஷா என்ற வடசொல் லாக் ஆகி, போர்த்துக்கீசியர் வழியாக அங்கே போனது. பூச்சிப் பிசினின் பெயரை மரப்பாலுக்குச் சூட்டிய பிழை அவர்களுடையது. நாம் அதைத் திருப்பி வாங்கி 'அரக்கு' என்று எழுதுகிறோம். பிழையோடு சேர்த்து வாங்குகிறோம், அவ்வளவுதான். 'உருஷிப் பெட்டி' என்று எழுதி முதல் முறை விளக்கிவிடலாம்.

பாட்டுக்கு மாலை வருகிறேன். தூங்காமல் யோசிக்க வேண்டிய பாட்டு.

பண்ருட்டிக்காரன் | ஞாயிறு, பகல் 12.20

உருஷி மரம் எங்கள் முந்திரிக்குச் சொந்தக்காரன். மா, முந்திரி, சேங்கொட்டை எல்லாம் ஒரே குடும்பம். மாங்காய்க் காம்பைக் கிள்ளும்போது முகத்தில் தெறித்த பால் புண்ணாகிப்போனது நினைவிருக்கிறதா? முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தால் தெரியும், கொட்டை எண்ணெய் தோலை உரித்துக் கறுப்பாக்கிவிடும். சேங்கொட்டைப் பாலால் வண்ணார் துணிக்குக் குறிபோட்டார்கள், எத்தனை வெளுத்தாலும் போகாது. உருஷியின் குணமும் இதேதான். தோலில் பட்டால் அரித்துக் கொப்பளிக்கும், பொருளில் பட்டால் போகாது.

ஒரு மரத்தைப் பத்துப் பதினைந்து வருடம் வளர்த்து, ஒரே பருவத்தில் பட்டையைக் கீறிக் கீறிப் பால் எடுத்தால் கிடைப்பது சுமார் 200 கிராம். ஒரு டம்ளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு மரத்தை வெட்டிவிடுவார்கள். வேரிலிருந்து துளிர்த்து வந்தால் திரும்பப் பத்து வருடம்.

சந்தேகம்சாமி | ஞாயிறு, பகல் 1.15

ஒரு டம்ளருக்கு ஒரு மரமா? அப்புறம் எப்படி ஜப்பானில் கடைக்குக் கடை கறுப்புக் கிண்ணம் அடுக்கி வைத்திருக்கிறார்கள்?

நாகோயா_ரயில் | ஞாயிறு, பகல் 2.40

சாமி, அதில் பாதிக்குமேல் பிளாஸ்டிக். யூரித்தேன் பூச்சு. அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்தால் பூச்சு எது, உள்ளே மரமா பிளாஸ்டிக்கா என்று போட்டிருக்கும். நான் முதல் வருடம் சீட்டைப் படிக்கத் தெரியாமல், ஒரு கோயில் சந்தையில் 'பழைய உருஷி' என்று சொல்லி விற்றவரிடம் மூவாயிரம் யென் கொடுத்து ஒரு பெட்டி வாங்கினேன். வீட்டில் திருப்பிப் பார்த்தால் சீட்டைக் கிழித்த பசை மட்டும் இருந்தது. இப்போது அதில் ரிமோட் வைத்திருக்கிறோம்.

உண்மையான உருஷியிலும் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருவது. ஜப்பானிலேயே எடுப்பதில் பெரும்பங்கு வடக்கே இவாத்தே மாவட்டத்து ஜோபோஜி பகுதியினுடையது.

வாசகி அக்கா பார்த்த பொன்வேலைக்குப் பெயர் மகிஎ. 'தூவிய சித்திரம்' என்று பொருள். அரைநாள் வகுப்பு ஒன்றுக்குப் போய் ஒரு முயல் வரைந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் சொல்லலாம். பொன்னால் வரைவதில்லை. முதலில் உருஷியால் கோடு இழுக்க வேண்டும். எலி முடியில் செய்த தூரிகை, நாலு முடி சேர்ந்த மாதிரி மெல்லிசு, நீளம் மட்டும் அதிகம். கோடு காய்வதற்குள் ஒரு சின்னக் குழாயில் பொற்பொடி எடுத்து, நுனியில் வலைத்துணி கட்டி, விரலால் தட்டித் தட்டித் தூவ வேண்டும். ஈரக்கோட்டில் விழுந்தது ஒட்டும், மற்றதைத் துடைத்துவிடலாம். கோலப்பொடி போடுவதற்குத் தலைகீழ் என்று நினைத்துக்கொள்ளுங்கள், இங்கே கோடு முன்னால் வருகிறது, பொடி பின்னால். காய்ந்தபின் மேலே இன்னொரு பூச்சு, அப்புறம் கரியால் தேய்ப்பது. என் முயலுக்குக் காது மூன்று வந்துவிட்டது. (வகுப்பில் கொடுத்தது அரிக்காத மாற்றுப் பூச்சு. அசலைக் கையில் தர மாட்டார்கள்.)

மரத்தூள் | ஞாயிறு, மாலை 4.10

காய்வது என்கிறீர்களே, எத்தனை நாள்? எங்களுக்கு மழைக்காலம் வந்தால் பாலிஷ் வேலை நின்றுபோகும்.

நாகோயா_ரயில் | ஞாயிறு, மாலை 4.32

அதுதான் வேடிக்கை அண்ணே. உருஷி ஈரத்தில்தான் காயும். பூசிய பொருளை ஒரு மர அலமாரிக்குள் வைத்து, உள்ளே தண்ணீர் தெளித்து, 70 முதல் 80 சதவீத ஈரப்பதத்தில் மூடி வைப்பார்கள். அந்த அலமாரிக்குக் குளியலறை என்றே ஒரு பெயர் உண்டு. பாலில் உள்ள ஒரு நொதி காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்து அதை இறுக வைக்கிறது. அந்த நொதியை 1883-ல் கண்டு சொன்னவர் யோஷிதா ஹிகோரொகுரோ என்ற ஜப்பானிய வேதியியலாளர். இன்று லாக்கேஸ் என்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது.

மரத்தூள் | ஞாயிறு, மாலை 4.35

ஈரத்தில் காய்கிற பாலிஷ். இத்தனை வருடம் யாரும் சொல்லவில்லையே. ஐப்பசியில் கடையை மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

சந்தேகம்சாமி | ஞாயிறு, மாலை 5.20

ஒன்று கேட்கிறேன், கோபப்பட வேண்டாம். படத்தை இப்போதுதான் பார்த்தேன். அழகான பொன் பெட்டி மேல் தகரக் கூரையைப் பிய்த்து ஒட்டிய மாதிரி இருக்கிறது. இது தேசியப் பொக்கிஷமா? அந்தப் பட்டையை மட்டும் எடுத்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இன்னொன்று, கோயெட்சு 'செய்தது' என்கிறீர்கள். அவரே வெட்டி, பூசி, பொடி தூவினாரா?

கூடல்நகர்_வாசகி | ஞாயிறு, மாலை 6.48

இரண்டாவது கேள்வி நியாயமானது. இந்த வேலையில் மரப்பெட்டி செய்கிற கை வேறு, பூசுகிற கை வேறு, பொடி தூவுகிற கை வேறு. கோயெட்சுவின் குடும்பத்தொழில் உருஷி அல்ல, வாள். கியோட்டோவில் வாள்களைத் தீட்டுவதும் தரம் பார்த்துச் சொல்வதும் ஹோன்அமி வீட்டாரின் பரம்பரைத் தொழில். இவர் தம் காலத்தின் பெரிய கையெழுத்துக் கலைஞர், தேநீர்க் கிண்ணமும் வனைந்தவர். 1615-ல் கியோட்டோவுக்கு வடக்கே தக்காகாமினே என்ற இடத்தில், ஷோகன் (படைத்தலைமை ஆட்சியாளர்) பரம்பரையைத் தொடங்கிய தொகுகவா இயேயாசு நிலம் கொடுத்தார். உறவினரும் கைவினைஞரும் அங்கே இவரோடு குடியேறினார்கள். பெட்டியின் வடிவமும் எண்ணமும் இவருடையது, பொடி தூவிய விரல் வேறு யாருடையதோ என்பதுதான் பொதுவாகச் சொல்வது. சிற்பி கல்லைத் தொட்ட கணக்கைப் பார்த்தால் பல கோயில்களுக்குச் சிற்பியே இருக்க மாட்டார்.

தகரக் கூரை விஷயத்தில் மனம் புண்பட்டுவிட்டது, போங்கள். முதலில் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் கண்ணாடிக்கு முன் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. பொன் இருக்கும் இடத்தில் எல்லாம் விளக்கு பளிச்சிட்டு, படகு எது அலை எது என்று கண் தடுமாறுகிறது. காரீயம் மட்டும் வெளிச்சத்தை விழுங்கிக்கொண்டு சும்மா கிடக்கிறது. கால் வைத்து நடக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான் என்று தோன்றியது. அதை எடுத்துவிட்டால் தண்ணீர் மட்டும்தான் மிஞ்சும்.

கிடுகுவேலி | ஞாயிறு, இரவு 8.15

தகரமோ பொன்னோ, உறுதியைப் பற்றி ஒரு கதை சொல்லவேணும். 1873-ல் வியன்னாவில் உலகக் கண்காட்சி நடந்தது. ஜப்பான் தன் பழைய பெட்டிகளையும் அனுப்பியிருந்தது. அவை திரும்பி வரும்போது, 1874-ல், நீல் என்ற பிரெஞ்சுக் கப்பல் இசு முனைக்குப் பக்கத்தில் தாண்டுபோயிற்று. ஒரு வருஷத்துக்கு மேல் கடலடியில் கிடந்த சாமான்களில் சிலதை எடுத்தார்கள். அதில் உருஷிப் பெட்டிகள் அவ்வளவாகப் பழுதில்லாமல் வெளியே வந்தன. உப்புத் தண்ணி ஒன்றும் செய்யேல்லை.

ஆனால் வெய்யில் செய்யும். ஜன்னலோரம் வைத்தால் மினுக்கம் போய், மேல்பூச்சு மாவாகிவிடும். ஏசி அறையின் வறண்ட காற்றில் உள்ளிருக்கும் மரம் சுருங்கி வெடிக்கும். யாரேனும் நல்ல பெட்டி வைத்திருந்தால் கவனம்.

ஏட்டுச்சுவடி | ஞாயிறு, இரவு 9.50

சொன்னபடி வந்தேன்.

பாட்டை எழுதியவர் மினமோதோ நோ ஹிதோஷி (880–951). அரசவைப் பிரபு. பாட்டு இருப்பது கோசென்ஷூ என்ற தொகுப்பில், காதல் பாடல்களுக்கு நடுவில். 951-ல் முரகாமி பேரரசர் கட்டளையிட்டுத் தொகுக்கத் தொடங்கியது அது. ஆக, கோயெட்சு கையில் எடுத்தபோதே பாட்டுக்கு வயது அறுநூற்றைம்பதுக்கு மேல். நமக்குக் கம்பன் எவ்வளவு தூரமோ அதற்குக் கொஞ்சம் கிட்டே.

பாட்டின் உயிர் இரண்டு சிலேடைகளில் இருக்கிறது. 'ககேதே' என்றால் பாலத்தைக் கட்டி என்றும் பொருள், மனத்தில் வைத்து என்றும் பொருள். 'வதாரு' என்றால் கடத்தல், அதுவே 'ஒமோய்' என்ற நினைவோடு சேர்ந்தால் ஓயாமல் நினைத்துக்கொண்டே இருத்தல். பாலம் கட்டிக் கடப்பதும், உள்ளத்தில் கட்டி நினைத்துக்கொண்டே காலம் போவதும் ஒரே சொற்களுக்குள் ஓடுகின்றன. வாசகி கொடுத்த உரையில் பொருள் இருக்கிறது, பாலம் வெறும் உவமையாகிவிட்டது. மூலத்தில் பாலம் உவமை அல்ல, வினைச்சொல்லே அதுதான்.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. கடைசி அடி: அறிந்தவர் யாரும் இல்லை. நம் அகப்பாட்டில் தலைவிக்கு ஊரார் அறிந்துவிடுவார்களோ என்ற பயம், அலர் எழும். இவருக்கு அலரே எழவில்லை என்ற ஏக்கம்.

நாகோயா_ரயில் | ஞாயிறு, இரவு 10.30

ஐயா, அந்தப் பாலத்துக்கு இதைவிடப் பழைய கதை உண்டு. சானோ இருந்தது அன்றைய கோசுகே நாட்டில், இன்றைய குன்மா மாவட்டத்துத் தக்காசாகி பக்கம். ஆற்றில் படகுகளைப் பக்கம் பக்கமாக நிறுத்தி, கட்டி, மேலே பலகை பரப்புவார்கள். தேவைப்பட்டால் கழற்றிவிடலாம். மன்யோஷூ என்ற பழைய பாடல் தொகுப்பின் பதினான்காம் பகுதியில் கிழக்கு நாட்டு மக்களின் பாட்டுகள் இருக்கின்றன. அதில் ஒரு பெண் சொல்கிறாள்: சானோப் படகுப்பாலத்தைக் கழற்றுவதுபோல் பெற்றோர் பிரித்தாலும் நான் பிரிவேனோ? இது எட்டாம் நூற்றாண்டுத் தொகுப்பு.

பின்னால் 'நோ' என்ற பழைய ஜப்பானிய மேடை நாடகத்தில் இதுவே பெரிய கதையானது. இரவில் பாலத்தைக் கடந்து காதலியைப் பார்க்க வருகிறான் ஒருவன். பெற்றோருக்குத் தெரிந்து பலகைகளை எடுத்துவிடுகிறார்கள். இருட்டில் தெரியாமல் கால் வைத்தவர்கள் ஆற்றில் விழுந்து மூழ்கிப்போகிறார்கள்.

கோயெட்சு காலத்து ஆட்களுக்குச் சானோப் படகுப்பாலம் என்றதும் இதெல்லாம் நினைவுக்கு வந்திருக்கும்.

கூடல்நகர்_வாசகி | ஞாயிறு, இரவு 11.05

ஐயோ! அப்படியென்றால் அந்தச் சொல்லை எடுத்ததே பலகையை எடுத்த மாதிரிதானோ? படித்துக்கொண்டே வருகிறவன் 'சானோவின்...' என்று கால் வைக்கிறான், சொல் இல்லை, விழுகிறான்!

சந்தேகம்சாமி | ஞாயிறு, இரவு 11.20

அக்கா, அது ரொம்ப நீளம் போகிறது. கோயெட்சு பாலத்தை எடுக்கவில்லை, காரீயத்தில் கனமாகப் போட்டே வைத்திருக்கிறார். விழுகிற இடத்தில் பாலம் இருக்கிறது. பலகையை எடுப்பது பெற்றோர், திருப்பிப் போடுவது கோயெட்சு, என்று வேண்டுமானால் சொல்லுங்கள்.

(தகரக் கூரை என்று சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் கொஞ்சம் பிடித்துப்போய்விட்டது.)

நாகோயா_ரயில் | திங்கள், காலை 7.10

ரயிலில் வரும்போது எழுதுகிறேன். ஏற்கெனவே வழக்கத்தில் இருந்த ஒன்றைத்தான் கோயெட்சு தலைகீழாக்கினார் என்று நினைக்கிறேன். அவருக்கு முன் பல நூற்றாண்டுகளாக அஷிதே என்றொரு முறை உண்டு, 'நாணல் கை'. படத்தில் இருக்கும் நாணல், பாறை, கிளை, இவற்றின் வளைவுக்குள் எழுத்தை ஒளித்துவைப்பார்கள். பார்ப்பதற்கு இயற்கைக்காட்சி, கண்ணுள்ளவனுக்குப் பாட்டு. கியோட்டோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் பதினைந்தாம் நூற்றாண்டு ஷியோநோயாமா பெட்டி அப்படிப்பட்டது.

எங்கள் ஊர்த் தொகுகவா கலை அருங்காட்சியகத்தில் 'ஹாட்சுனே' சீர்வரிசை இருக்கிறது. மூன்றாம் ஷோகன் இயேமிட்சுவின் மகள் சியோஹிமே 1637-ல் பிறந்தாள். 1639-ல் ஓவாரி வீட்டுக்கு (நாகோயாவில் இருந்த தொகுகவா கிளைக் குடும்பம்) கல்யாணம். கணக்குச் சரிதான், மணப்பெண்ணுக்கு இரண்டரை வயது. அவளுக்காகக் கோஅமி நாகாஷிகே என்ற பரம்பரை மகிஎ கலைஞர் செய்த அலமாரிகளும் பெட்டிகளும் அவை. அலங்காரம் 'கெஞ்சி கதை' என்ற பழைய ஜப்பானிய நெடுங்கதையின் ஒரு பாட்டிலிருந்து வந்தது. தன் குழந்தையை வேறொருத்தி வளர்க்கக் கொடுத்துவிட்டுப் பார்க்க முடியாமல் இருக்கும் தாய், புத்தாண்டு நாளில் மகளுக்கு எழுதி அனுப்புகிறாள்: இத்தனை வருடம் காத்துக் கிழடாகிறவளுக்கு இன்றாவது குயிற்குஞ்சின் முதல் குரலைக் கேட்கவிடு. (குயில் இல்லை, உகுயிசு என்ற சின்னப் பாட்டுப்பறவை. தமிழில் பெயர் இல்லாததால் குயிலைக் கூப்பிட்டேன்.) அதன் எழுத்துகளைப் பைன் மரம், பிளம் மரம், பாறை நடுவே சிதறவிட்டிருக்கிறார்கள்.

நான் அதைப் பார்த்தபோது என் மகளுக்கும் அதே வயதுதான். இடுப்பில் இருந்தாள். இரண்டரை வயதுக் குழந்தையின் சீர்ச்சாமானில் அந்தப் பாட்டைப் போடச் சொன்னவர்கள் என்ன நினைத்துப் போட்டார்களோ. மங்கலமான புத்தாண்டுப் பாட்டு என்றுதான் எடுத்திருப்பார்கள். எனக்கு அப்படிப் படிக்க முடியவில்லை.

சரி, நான் சொல்ல வந்தது: அவர்கள் எழுத்தைப் படத்துக்குள் ஒளித்தார்கள். கோயெட்சு எழுத்தை வெளியே, வெள்ளியில், பெரிதாக வைத்துவிட்டு, ஒரே ஒரு சொல்லை மட்டும் படமாக்கினார்.

ஏட்டுச்சுவடி | திங்கள், காலை 9.25

நாகோயாத் தம்பி சொன்ன முதல் வகைக்கு நம்மிடம் நெருங்கிய சொல் உண்டு. தண்டியலங்காரத்தில் சித்திரகவி வகைகளில் ஒன்று கரந்துறைச் செய்யுள். ஒரு செய்யுளுக்குள் இன்னொரு செய்யுள் மறைந்து கிடக்கும். ஆனால் அது எழுத்துக்குள் எழுத்து. படத்தால் ஒரு சொல்லை ஈடுகட்டும் இந்த வகைக்கு நம்மிடம் பெயர் இல்லை.

எழுத்துகளைப் பற்றியும் கேட்க வேண்டும். வாசகி, அங்கே 'நோமி' என்ற சொல் எப்படி எழுதப்பட்டிருக்கிறது?

கூடல்நகர்_வாசகி | திங்கள், பகல் 12.40

நல்ல கேள்வி ஐயா, என் ஜப்பானிய ஆசிரியையிடம் கேட்டேன். 'நோமி' என்றால் 'மட்டுமே' என்று பொருள். ஆனால் பெட்டியில் அந்த இடத்தில் இருப்பவை 'அடர்த்தி' என்ற எழுத்தும் 'மூன்று' என்ற எழுத்தும்! இரண்டையும் பொருளுக்காக எடுக்கவில்லை, ஓசைக்காக மட்டும் கடன் வாங்கியிருக்கிறார். அந்தக் காலத்தில் அப்படி எழுதுவது வழக்கம்தான். ஆனால் இங்கே பாருங்கள், ஒரு சொல்லில் எழுத்து இருக்கிறது, அந்த எழுத்தின் பொருள் வேலை செய்யவில்லை. இன்னொரு சொல்லில் எழுத்தே இல்லை, பொருள் மட்டும் இருக்கிறது. இரண்டும் ஒரே மூடியில்.

ஆசிரியை இன்னொன்றும் சொன்னார். கோயெட்சுவின் வழியில் பின்னால் வந்த ஓகாதா கோரின் (1658–1716) 'எட்டுப்பாலம்' என்ற பெட்டி செய்தார். அதுவும் உவேனோவில்தான் இருக்கிறது. கறுப்பு உருஷியில் சிப்பி ஓட்டால் நீலத்தாமரை மாதிரி ஐரிஸ் பூக்கள், நடுவே காரீயத்தில் வளைந்து போகும் பலகைப்பாலம். அதில் பாட்டின் ஓர் எழுத்துகூட இல்லை. பூவையும் பாலத்தையும் பார்த்ததுமே 'இசே கதை' என்ற பழைய ஜப்பானிய நூலில் வரும் பாட்டு நினைவுக்கு வந்துவிடுமாம். ஊரை விட்டு வந்தவன் மனைவியை நினைத்து, 'ககிட்சுபாத்தா' என்ற பூப்பெயரின் ஐந்து ஒலிகளை ஐந்து அடிக்கும் முதலாக வைத்துப் பாடியது.

கோயெட்சு ஒரு சொல்லை எடுத்தார், கோரின் பாட்டையே எடுத்துவிட்டார்.

பண்ருட்டிக்காரன் | திங்கள், பகல் 1.05

பேரன் பெட்டியையே எடுத்துவிட்டிருப்பான்.

திண்ணை_நெறியாளர் | திங்கள், பகல் 2.00

இழை நன்றாகப் போகிறது. படம் தேடுகிறவர்களுக்கு: ஜப்பான் தேசிய அருங்காட்சியகங்களின் கோல்பேஸ் தளத்தில் இந்தப் பெட்டியின் படங்கள் உண்டு, மூலத்தைக் குறிப்பிட்டு யாரும் எடுத்துக்கொள்ளலாம். உவேனோவுக்கு நேரில் போகிறவர்கள் முதலில் காட்சிப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் போங்கள், இந்த வகைப் பொருள்களை எப்போதும் வெளியே வைப்பதில்லை.

கிடுகுவேலி | திங்கள், மாலை 5.45

பாட்டை யாரும் மொழிபெயர்க்கிற பாடாக இல்லையே? நான் ஒருக்கால் முயன்றேன்:

கிழக்கே சாலையில்
சானோவின் ஓடப்பாலம்
கட்டியே வைத்தேன்
என் நெஞ்சில் உன்னை என்று
கண்டவர் யாரும் இல்லை

'கட்டி' பாலத்துக்கும் பொருந்தும், நெஞ்சுக்கும் பொருந்தும் என்று நினைத்தேன். 'கடத்தல்' விட்டுப்போச்சு.

மரத்தூள் | திங்கள், மாலை 6.30

நன்றாக இருக்கிறது. ஆனால் படகுகளைக் 'கட்டுவது' என்றால் எனக்குத் தச்சன் படகு கட்டுகிற மாதிரி கேட்கிறது. ஒன்றோடொன்று சேர்ப்பதற்குத் தொடுப்பது என்று சொல்வோமே? பூ தொடுக்கிற மாதிரி. பாட்டு என் வேலை இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஏட்டுச்சுவடி | திங்கள், மாலை 6.52

மரத்தூள் தம்பி! நீங்கள் என்ன செய்துவிட்டீர்கள் என்று தெரியுமா? இரண்டு நாளாக நான் தேடிய சொல் அது. தொடுத்தல்: படகுகளைத் தொடுத்தால் பாலம். 'தொடுத்து' என்றாலே இடைவிடாமல் என்றும் பொருள், 'தொடுத்து மூன்று நாள் மழை' என்கிறோம். பாலத்துக்கும் நினைவுக்கும் ஒரே வினை. அடுத்த சிலேடைக்கு 'கடக்கும்' போதும். ஆற்றையும் கடக்கலாம், நாளும் கடக்கும்.

கிழக்குச் சாலையில்
சானோவின் படகுப்பாலம்
தொடுத்தே நினைந்து
கடக்கின்ற என் நாளை
அறிந்தவர் ஒருவர் இல்லை

மூலத்தில் உள்ள ஐந்து ஏழு என்ற அசைக் கணக்கு சரியாக வரவில்லை. தமிழ் அசைக்கும் ஜப்பானிய ஒலிக்கணக்குக்கும் ஒத்துப்போகாது, அதற்காக யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

கூடல்நகர்_வாசகி | திங்கள், இரவு 9.30

ஐயா, இதில் நான் ஒரே ஒரு திருத்தம் செய்யப்போகிறேன்.

கிழக்குச் சாலையில்
சானோவின்
தொடுத்தே நினைந்து
கடக்கின்ற என் நாளை
அறிந்தவர் ஒருவர் இல்லை

சந்தேகம்சாமி | திங்கள், இரவு 9.41

இப்போது எதைத் தொடுத்தது என்று கேட்பார்களே?

கூடல்நகர்_வாசகி | திங்கள், இரவு 9.44

மேலே பெட்டிப் படம் போடுவேன் சாமி.

ஏட்டுச்சுவடி | புதன், மாலை 5.15

இன்று கடைத்தெருவில் நடந்தது. வாசகியின் வடிவத்தைப் படத்தோடு ஒரே தாளில் அடித்து, கலரில் ஒரு பிரதி எடுக்கலாம் என்று ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கணினி முன் இருந்த பையன் கோப்பைத் திறந்தான், படித்தான், திரும்பிப் பார்த்தான். "சார், ரெண்டாவது வரில ஒரு வார்த்தை விட்டுப்போச்சு. டைப் பண்ணிடட்டுமா?"

வேண்டாம் என்றேன். மேலே இருக்கும் படத்தைக் காட்டி, அந்த வார்த்தை இங்கே இருக்கிறது என்று விரல் வைத்தேன். பையன் படத்தைப் பெரிதாக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தான். வரிசையில் எனக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றார்கள்.

"இந்தத் தகரமா சார்?" என்றான்.